ஒரு ஆள் போதுமாம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். கடைக்கு ஒரு முடிவோடு போவார், கடைக்காரர் வாயைத் திறந்ததும் அந்த முடிவை அங்கேயே விட்டுவிட்டு வேறு எதையோ வாங்கிக்கொண்டு வருவார். அதனால் டவுன்ரிகர் வாங்கக் கிளம்பியபோது நானும் கூடவே கிளம்பினேன். அந்தச் சாமானைப் பற்றிப் பேச என்னைவிட யாருக்கு உரிமை இருக்கிறது? இத்தனை வருஷமாக அதன் கைப்பிடியைச் சுற்றுகிறவள் நான்தானே.

எங்களுடையது சின்னப் படகு. மெதுவாக ஓட்டியபடியே தூண்டிலை இழுத்துப்போய் மீன் பிடிப்போம். மீன் ஆழத்தில் நிற்கும்போது தூண்டில் மேலாக மிதந்தால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குத்தான் டவுன்ரிகர். படகின் பின்பக்கம் பொருத்தியிருக்கும் சுருள் அது. அதிலிருந்து கம்பியில் ஒரு கனத்த ஈயக்குண்டை ஆழத்துக்கு இறக்குவோம். தூண்டில் நூலைக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் மாட்டியிருப்போம். மீன் கடித்து இழுத்தால் நூல் கிளிப்பை விட்டுவிடும். உடனே குண்டை மேலே சுற்றி எடுத்தாக வேண்டும். தாமதித்தால் நூலும் கம்பியும் சிக்கிக்கொண்டு மீனும் போச்சு, மானமும் போச்சு. அவர் ஸ்டீயரிங்கில், நான் பின்பக்கப் பலகையில். எங்கள் குடித்தனம் நடக்கிற விதம் அதுதான்.

கொஞ்ச நாளாக என் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. நான் மூச்சு விடவில்லை. சொன்னால் வீட்டிலேயே இரு என்பார்களே! ஆனால் வெந்நீர்ச் சட்டியை நான் இடது கையால் தூக்குவதை இவர் பார்த்துவிட்டார்.

"கை வலிக்குதா?"

"இல்லையே."

"அப்ப வலது கையால தூக்கு, பாப்போம்."

தூக்கினேன். பாதித் தண்ணீர் தரையில். அன்று சாயந்தரமே, "கரண்ட்ல ஓடற டவுன்ரிகர் வாங்கிடலாம்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? வள்ளென்று விழுந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன்.

கடைக்காரர் எந்தச் சாமானைக் காட்டினாலும் அதைக் குழந்தையைப்போலத் தட்டிக்கொடுத்துத்தான் காட்டுவார். முதலில் குண்டைக் கட்டுகிற கயிற்றில் சண்டை ஆரம்பித்தது. இவருக்கு எஃகுக் கம்பிதான் வேண்டுமாம், எனக்குப் பின்னல் நூல்.

"கம்பின்னா வருஷக்கணக்கா உழைக்கும். படகு ஓரத்துல உரசினாலும் அறாது."

"உழைக்கும், உழைக்கும். ஒரு இழை பிரிஞ்சு நின்னா யார் விரல்ல குத்துது? உங்க விரல்லயா? தண்ணிக்குள்ள நாள் பூரா ரீங்காரம் வேற. மடிப்பு விழுந்தா கதை முடிஞ்சது."

"அக்கா சொல்றது சரிதாண்ணே" என்றார் கடைக்காரர். "பின்னல் நூல் மெலிசு. தண்ணி அவ்வளவா இழுக்காது. குண்டு பின்னால போகாம ஓரளவு நேரா நிக்கும். எங்கேயும் உரசாம மட்டும் பாத்துக்கணும்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன், தாயே. ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க, இனி நான் எங்க பேசறது?"

பின்னல் நூல்தான் என்று முடிவானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரில் மெஷினைப் பற்றியும் குடைய ஆரம்பித்தேன். பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடுமா? எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்குமாம். உப்புத்தண்ணீர் பட்டால்? ஒயர் சேருகிற இடத்தில் கிரீஸ் பூச வேண்டும், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நூலைப் படகுக்கு வெளியே தள்ளிப் பிடிக்கிற கை நீளமாக வேண்டுமா, குட்டையாகவா? நூல் படகில் உரசாமல் இருக்க நீளக் கைதான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கடைக்காரர் அந்த மெஷினைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்.

"ஸ்டீயரிங் பக்கத்துலயே ஒரு சுவிட்ச் வச்சுத் தரேன். அண்ணன் ஓட்டிக்கிட்டே தட்டினா போதும், குண்டு தானா மேல வந்து தானா நிக்கும். இனிமே ஒரு ஆள் போதும்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை பல்லும் தெரிந்தது.

"ஒரு ஆளே போதுமா?"

"தாராளமா."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

கைப்பிடி இல்லையென்றால் பின்னால் நான் எதற்கு? என் இடத்துக்கு வேட்டு வைக்கிற சாமானை நானே நூல் முதற்கொண்டு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஊருக்கே பயம் வரும். இவர் என்னடாவென்றால், "கைவலியில பேச முடியல போல" என்கிறார். கையாலா பேசுவார்கள்?

மெஷினைப் பொருத்தி முதல் நாள் கடலுக்குக் கிளம்பும்போது, "நீங்களே போங்க. அதான் ஒரு ஆள் போதுமாமே" என்றேன். வா என்று ஒரு வார்த்தை சொல்வார் என்றுதான் சொன்னேன்.

"அதுவும் நல்லதுதான். நீ ரெஸ்ட் எடு" என்று போயே போய்விட்டார் அந்த மகானுபாவர்.

கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். வீட்டில் இருப்பது ஒன்றும் பாவமில்லை. ஆனால் மகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று படகின் அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் பேசினோம். அவள் கல்யாணத்தையும் அங்கேதான் பேசினோம். எங்கள் பெரிய சண்டைகளெல்லாம் நடந்ததும் அங்கேதான். கரையில் எங்களுக்குப் பேச்சே வராது. இனிமேல் அவர் பாட்டுக்குப் போவார், அவர் பாட்டுக்கு வருவார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

போன் அடித்தது. இவர்தான்.

"படகுத்துறைக்கு வா."

"ஐயோ, என்னாச்சு?"

"வான்னா வாயேன்."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். துறையில் ஐஸ் விற்கிறவள், "என்னக்கா, மத்த படகெல்லாம் அங்க மீனை அள்ளிக்கிட்டிருக்காம், உங்க ஆளு மட்டும் திரும்பிட்டாரு? எஞ்சின் போச்சா?" என்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படகில் இருந்த ஐஸ் பெட்டியின் மேல் ஒரே ஒரு மீன், கை நீளத்துக்கு.

"மெஷின் கெட்டுப்போச்சா?" கொஞ்சம் ஆசையோடுதான் கேட்டேன்.

"சூப்பரா வேலை செய்யுது. கூட்டமா நிக்குதுடி, குண்டு இறங்கறதுக்குள்ள கடிக்குது."

"கடிக்கறப்ப விட்டுட்டா வந்தீங்க? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? யாராவது செய்வாங்களா இப்படி?" ஆத்திரத்தில் எல்லாமே வந்துவிட்டது. "ஒரு ஆள் போதும்னதும் கடையில அத்தனை பல்லையும் காட்டினீங்களே!"

"இனி நீ கையை அசைக்காம உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே வரலாமேன்னு சந்தோஷப்பட்டேன். வேற எதுக்கு?"

அவர் என்னைப் பார்க்காமல் அந்த மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதைத் தூக்கிட்டுத் திரும்பி, 'பாத்தியா?'ன்னு கேட்டேன். பின்னால யாரும் இல்ல. அப்புறம் பிடிக்கவே தோணல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "சரி சரி, மீன் போயிடப்போகுது, எடுங்க படகை" என்று அதட்டிவிட்டு ஏறிப் பலகையில் உட்கார்ந்தேன்.