படி வளைவில் இறுகிய பீப்பா

பியரை எந்தப் பாத்திரத்தில் புளிக்க வைப்பது என்று தபோதரன் அந்தக் குளிர்காலம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தான். பிளாஸ்ரிக் வாளிக்குள் மெல்ல மெல்லக் காற்று நுழையும். மாதக்கணக்கில் வைத்தால் பியர் வினாகிரியாகிவிடும். கண்ணாடிக் குடுவை கைதவறினால் முடிந்தது. எவர்சில்வர் தாங்கி நல்லது, வேறு வீட்டுக்குப் போனாலும் கொண்டுபோகலாம் என்று மனைவி வனஜா சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. மோசல் ஆற்றுப் பக்கத்து வைன்காரர் ஒருவரிடம் பழைய ஓக் பீப்பா ஒன்றை வாங்கினான். மரத்தில் கிடந்தால்தான் தான் விரும்பும் மெல்லிய புளிப்பு வரும், ஒரு வருசமாவது அசைக்கக்கூடாது, எடுக்க எடுக்க நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும், வெறுமையாக விட்டால் மரம் காய்ந்து வெடித்துவிடும் என்று சாப்பாட்டு மேசையில் விளக்கினான்.

வனஜா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆறேழு மணி நேரத் தூரத்துக் கார்ஹிங்கில் ஒரு ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அவர்கள் இருந்த கெல்சென்கிர்ச்சனை விட்டுப் போகும் பேச்சை எடுத்தாலே அவன் பியர்க் கதைக்குத் தாவிவிடுவான்.

சனிக்கிழமை காலை பீப்பாவை நிலவறைக்கு இறக்கினார்கள். கீழே நின்று அவள் தாங்க, மேலிருந்து அவன் விட்டான். படி திரும்பும் இடத்தில் அது இறுகிக்கொண்டது. தள்ளினான், இழுத்தான், அசையவில்லை. நிலவறைக்கு வேறு வாசல் இல்லை. நேரக்கணக்கில் எரியும் படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. அதன் சுவிட்ச் அவன் பக்கத்தில்தான் இருந்தது. இருட்டும் பழைய வைன் வாடையும் சேர்ந்து அவள் நெஞ்சை அடைத்தன.

விளக்கைப் போட்டுவிட்டுச் சுத்தியல் எடுக்கப் போகத் திரும்பினான்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் வனஜா. “நான் அந்த வேலைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

விளக்கு மறுபடி அணைந்தது. அவன் உடனே போடவில்லை.

“எப்ப?”

“ஒக்ரோபரில தொடங்குது.”

விளக்கைப் போட்டுவிட்டுப் போய்ச் சுத்தியலும் சோக்கட்டியும் கொண்டுவந்தான். சோக்கட்டியால் பலகை ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டான். இரும்பு வளையங்களைத் தட்டிக் கழற்றினான். தளர்ந்த பலகைகளை ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டி, சுவரோரம் ஒழுங்காக அடுக்கச் சொன்னான். கீழே வைத்தே இலக்கப்படி சேர்த்துத் திரும்பப் பூட்டிவிடலாமாம். அவளும் வாங்கி அடுக்கினாள். பாதிக்கு மேல் உள்ளே வந்தபிறகுதான் தங்களை இங்கேயே கட்டிப்போடும் பீப்பாவுக்குத் தானே இடம் கொடுப்பது அவளுக்கு உறைத்தது.

அடுத்த பலகைக்கு அவள் கை நீட்டவில்லை.

“வழி விடுங்கோ. நான் வெளியில வரவேணும்.”

“இதை விட்டிட்டு என்னால அங்க வர ஏலாது, வனஜா.”

“உங்களை வரச்சொல்லி நான் கேக்கேல்ல. வழியைத்தான் விடச்சொன்னனான்.”

அவன் சுவரோடு ஒட்டி நின்றான். மிச்சப் பலகைகளைத் தாண்டும்போது வளையத்தில் மாட்டிக் காற்சட்டை கிழிந்தது. அவள் நிற்காமல் ஏறினாள்.

ஒக்ரோபரில் தனியாகப் போனாள். தபோதரன் பீப்பாவைக் கீழேயே பூட்டி நிரப்பிவிட்டான். ஒழுகவில்லை, ஆனால் இரண்டு நாள்கூட விட்டு வர முடியாதிருக்கிறது என்று போனில் சொல்வான். அவள் ஓம் ஓம் என்று கேட்பாள். போனை வைத்ததும் கார்ஹிங்கில் எடுத்த சின்ன அறையின் ஜன்னலை அகலத் திறப்பாள். அப்படியும் மூச்சு சீராக வரக் கொஞ்சநேரம் எடுக்கும்.