அலுவலக உபயோகத்துக்கு மட்டும்

"தாத்தா, நீங்க இருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாதா?"

ஐந்து வயதுப் பேத்தி ஒருமுறை இப்படிக் கேட்டாள். சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து வைத்து, 'மேற்படி நபர் இன்றைய தேதியில் உயிருடன் இருக்கிறார்' என்ற வரியை அவர் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படிவத்தை அவர் மூன்றாவது தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குத்தான் தெரியல" என்றார்.

"போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

போன் பண்ணாமலா இருந்தார்? பண்ணிப் பண்ணிக் காதுதான் சிவந்துபோயிருந்தது.

மனிதர் முப்பத்தொரு வருஷம் அரசு ஓய்வூதிய அலுவலகத்திலேயே எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அவருக்கு 'மெமோ சார்' என்று பெயர். யார் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடித்து, மெமோ வைத்துத் திருப்பிவிடுவார். யாரிடமும் கைநீட்டியதில்லை, ஓசியில் ஒரு டீ குடித்ததில்லை. நல்லவர்தான். ஆனால் இந்த மாதிரி நல்லவர்களிடம் மாட்டிக்கொள்கிறவர்கள் படும் பாடு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எட்டு மாதத்துக்கு முன் அவரும் மனைவியும் மகளுக்குத் துணையாக இந்த வெளிநாட்டுக்கு வந்தார்கள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. கிளம்பினால் திரும்ப அரை வருஷம் ஆகும். மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தில் பட்டது போதாதென்று, இந்தத் தடவை ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. "எந்த நேரமும் வண்டி எடுக்க ஒரு ஆள் வீட்டில் இருக்கணும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அந்த ஆள் மெமோ சார்தான். மனைவிக்கு வண்டியும் ஓட்டத் தெரியாது, இந்த ஊர் பாஷையும் தெரியாது.

ஐந்து மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர்கள், தூதரகத்தில் கையெழுத்து வாங்கி வாழ்வுச் சான்று அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். நின்று மூன்று மாதம் ஆனால் கோப்பை மூடிவிடுவார்கள். அதன் பிறகு ஆள் நேரில் போய் நின்றால்தான் மறுபடி திறப்பார்கள். அவருடைய கோப்பை மூட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மகளுக்கு டாக்டரம்மா குறித்த தேதிக்குப் பதினான்கு நாள். மாத்திரைக்கும் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாடகைக்கும் அந்தப் பணத்தை விட்டால் வேறு வழியில்லை. விமானம் ஏறினால் மகளை யார் பார்ப்பது?

இத்தனைக்கும் முதல் படிவத்தை அவர் நாலு மாதம் முன்பே அனுப்பிவிட்டார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இரண்டும் கிணற்றில் போட்ட கல்.

மூன்றாவதையும் அனுப்பியாகிவிட்டது. அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று தபால்காரரின் ரசீதும் வந்துவிட்டது. பணம் மட்டும் வரவில்லை.

அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட்ட கையோடு போனை எடுத்து உட்கார்ந்துவிடுவார். முதலில் ஒரு இயந்திரம் பேசும். அப்புறம் இருபது நிமிஷம் ஒரே மெட்டு. அப்புறம் யாராவது எடுத்து, "அந்த சீட்ல ஆள் இல்ல சார், நாளைக்குப் பண்ணுங்க" என்பார்கள்.

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

"அப்ப அந்த நாளைக்கு இன்னைக்கு. இது வேற நாளைக்கு சார்."

இணைப்பு அறுந்தது. அவர் போனை மேசைமேல் கவிழ்த்தார்.

"நீங்க உக்காந்திருந்த சீட்டுதானேங்க அது?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"நான் இருந்தப்ப அந்த சீட் காலியா இருந்ததே இல்ல, தெரியுமா?"

"அதான் ஜனங்க பயந்தாங்க போல. முப்பது வருஷம் ஊர்ல உள்ளவங்களை எல்லாம் உயிரோட இருக்கியா, இருக்கியான்னு கேட்டீங்க. இப்ப அவங்க உங்களைக் கேக்குறாங்க. வட்டியும் முதலுமா."

"வெந்த புண்ல வேலைப் பாய்ச்சாதே."

"பாய்ச்சல. சும்மா காட்டினேன்."

உள்ளே படுத்திருந்த மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, நீங்க கிளம்பணும்னா கிளம்புங்க. நான் டாக்ஸி வச்சுப் போய்க்கிறேன்."

"வலி எடுத்ததும் டாக்ஸிக்காரனுக்கு வழி சொல்லிக்கிட்டுப் போவியா? பேசாமப் படும்மா."

சொல்லிவிட்டாரே தவிர, விமானச் சீட்டு விலையை இரண்டு தடவை பார்த்து வைத்திருந்தார். அன்றைக்குப் பிரார்த்தனையில் வேறெதுவும் கேட்கவில்லை. 'ஒரு மனுஷனைப் போன் எடுக்க வை' என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடாமல் அடித்ததில், சாயங்காலம் ஒரு பெண் எடுத்தாள். குரலில் அவசரம் இல்லை. கோப்பு எண்ணைக் கேட்டாள். "சார், கணினியில வரலைன்னு இருக்கு. ஆனா மூணு தடவை அனுப்பி ரசீதும் வச்சிருக்கீங்கன்னா எங்கயாவது இருந்துதான் ஆகணும். லைன்லயே இருங்க, நான் போய்ப் பார்க்கிறேன்."

அவர் இருந்தார். நாற்காலி இழுபடும் சத்தம், இரும்பு அலமாரி திறக்கும் சத்தம். அந்த அலமாரியின் சத்தம் அவருக்குத் தெரியும். யாரோ அவளிடம், "சாப்பிட வரலையா?" என்று கேட்பதும், "நீங்க போங்க, வர்றேன்" என்று அவள் சொல்வதும் கேட்டது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"கிடைச்சுது சார். மூணுமே முடிச்ச கட்டுல இருந்துச்சு."

"முடிச்ச கட்டா? யார் முடிச்சாங்க?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "சார், கடைசியில ஒரு கட்டம் இருக்கே. 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்'னு. அதுல, 'சரிபார்க்கப்பட்டது, முடிக்கலாம்'னு எழுதிச் சின்னக் கையெழுத்து இருக்கு. அழகான கையெழுத்து சார். எங்க பையன்கள் அதைப் பார்த்துட்டு, யாரோ மேலதிகாரி முடிச்சுட்டாருன்னு கட்டி வச்சுட்டாங்க."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நாளைக்கு அறுபது படிவம் என்று முப்பத்தொரு வருஷம் அந்தக் கட்டத்தில் எழுதிய கை. படிவத்தின் அடிவரை வந்தால் அது தானாகவே எழுதிவிடும். தன் படிவம் என்று அதற்குத் தெரியவில்லை. மூன்று தடவையும் தெரியவில்லை.

"அது... நான்தாம்மா எழுதியிருக்கேன். அந்த சீட்ல வேலை பார்த்தவன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது. "பரவால்ல சார், எங்க வேலையைக் குறைச்சீங்க."

"இப்ப மெமோ போட்டுத் திருப்பணும்" என்றார் அவர். விதி அவருக்கு மனப்பாடம். "நான் புதுசு அனுப்பி அது வர்றதுக்குள்ள கோப்பை மூடிடுவாங்க."

"திருப்பலாம் சார். ஆனா அதே விதியில அடுத்த பத்தியில இன்னொன்னு இருக்கே. உண்மை மாறாத சின்னப் பிழையா இருந்தா, எழுத்தரே அடிச்சுத் திருத்தி, தலைமை எழுத்தர் கையெழுத்தோட ஏத்துக்கலாம்னு. நான் அதைப் பண்ணிடறேன். யாரும் அதைப் பார்க்கிறதே இல்ல சார்."

அவர் பார்த்திருக்கிறார். எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். அந்த வரியை முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பயன்படுத்தியதில்லை. வம்பு எதற்கு என்று விட்டுவிடுவார்.

"உன் பேர் என்னம்மா?"

"பேர் எதுக்கு சார், புகார் எழுதவா?" என்று சிரித்தாள். "சாப்பாடு ஆறுது. வைக்கிறேன்."

ஆறாம் நாள் பணம் வந்தது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து வந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அவர் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

"பணம் வரலைன்னாலும் மூஞ்சி தொங்குது, வந்தாலும் தொங்குது" என்றாள் மனைவி. "என்னதான் வேணும் உங்களுக்கு?"

ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அவருடைய நினைவுக்கு வந்திருந்தாள். வெளிநாட்டில் மகனோடு இருந்தவள். நடுங்குகிற கை, கையெழுத்து கட்டத்தின் கோட்டைத் தொட்டுவிட்டது. மெமோ வைத்துத் திருப்பினார். இரண்டாவது தடவையும் தொட்டது. மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை படிவம் வரவில்லை, மகனின் கடிதம்தான் வந்தது. 'இனி அம்மாவுக்குச் சான்று தேவைப்படாது' என்று ஒரே வரி. அதையும் கோப்பில் சேர்த்து, எண் போட்டு, அந்தக் கட்டத்தில் 'முடிக்கலாம்' என்று எழுதியவர் அவர்தான். அன்றைக்குத் தன்மேல் ஒரு தவறும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினார். விதியை மீறாத மனிதனுக்கும் கடன் ஏறும். அதைக் கேட்க யாரும் வருவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மகளுக்கு வலி எடுத்தது. வண்டியை அவர்தான் ஓட்டினார். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

ஆஸ்பத்திரியில் இருந்து அவர்கள் வீடு வந்து, மருமகனும் கப்பலில் இருந்து இறங்கிய வாரத்தில், ஒருநாள் காலை நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தூதரகத்தின் வெளி அறையை எட்டரைக்கே திறந்துவிடுவார்கள். கவுன்டர் ஒன்பது மணிக்குத்தான். வாசலில் இருந்த காவல்காரர் அவர் பையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். அறையில் யாரும் இல்லை. சுவரோரத் தட்டில் வாழ்வுச் சான்றுப் படிவங்கள் அடுக்கி இருந்தன. எண்ணினார், நாற்பத்தாறு.

பையிலிருந்து துண்டுச் சீட்டுகளை எடுத்தார். நாலு நாளாக, மற்றவர்கள் குழந்தையைச் சுற்றி இருந்த வேளைகளில், முத்து முத்தாக எழுதியவை. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: 'கையெழுத்து கோட்டைத் தொடாமல் இருக்கட்டும். கை நடுங்கினால் கட்டத்தின் நடுவில் சிறியதாகப் போடுங்கள். கடைசிக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். சின்னப் பிழைக்காகத் திருப்பினால், விதி பதினேழு, இரண்டாம் பத்தியைச் சொல்லிக் கேளுங்கள். திருத்திக் கொடுப்பார்கள்.'

ஒவ்வொரு படிவத்தின் இடது மூலையிலும் ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தினார். நடுங்கும் கைகளில் குத்திவிடக் கூடாதே என்று ஊசியின் முனை தாளுக்குள் மறையும்படி பார்த்துக் குத்தினார். நாற்பதோடு ஊசி தீர்ந்தது. மிச்சம் ஆறு படிவங்களுக்குள் சீட்டை மடித்துச் செருகினார்.

படிவக் கட்டை மேசையில் தட்டி ஓரம் நேராக்கித் தட்டில் வைத்தபோது, கவுன்டருக்குப் பின்னால் யாரோ விளக்குப் போடும் சத்தம் கேட்டது. திரை உயர்வதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.