மோந்து பார்க்காத பூ

மீசை முளைத்த நாளிலிருந்து பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஓட்டுகிறவர் கண்ணாயிரம். சுரபுன்னைக் காட்டுக்குள் எங்கெங்கிருந்தோ வந்தவர்களையெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறார். அவரை யாராவது ஓரிடத்துக்குச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போவது இதுதான் முதல் தடவை. அதுவும் சவூதி அரேபியாவில், தாயிஃப் என்கிற மலை நகரத்தில், மகள் ஓட்டுகிற காரில்.

"என்னாப்பா, பேச்சே காணோம்? பயமா?" என்றாள் அனுப்பிரியா, வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி.

"நீ ரோட்டப் பாரு."

பயம்தான். ஆனால் வளைவைக் கண்டு இல்லை. அனுப்பிரியா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒப்பந்தம் முடிகிறது. தொடர்வதா, ஊருக்குத் திரும்புவதா என்று நாளைக்கு அவள் சொல்லியாக வேண்டும். மனைவி தைலம்மாள் இவரை அனுப்பியதே மகளைத் திரும்ப அழைத்து வரத்தான். சிதம்பரத்திலேயே வேலை பார்த்துக்கொள்ளலாம். பண்ருட்டியில் ஒரு வரனும் வந்திருக்கிறது. "நான் சொன்னா சண்டைக்கு வருவா. நீங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டா" என்று சொல்லித்தான் விமானம் ஏற்றினாள்.

உண்மை அதுதான். இவர் கேட்டால் அவள் மறுக்க மாட்டாள். அதனாலேயே வந்து ஒரு வாரமாகியும் இவருக்கு வாய் திறக்கவில்லை.

அவள் கூட்டிப்போன தோட்டத்தில் வெயில் இன்னும் ஏறவில்லை. குளிர் காதுக்குள் போனது. மலைச்சரிவில் படிப்படியாக ரோஜாச் செடிகள். அத்தர் காய்ச்சுவதற்காக ஆட்கள் காம்பில்லாமல் பூவை மட்டும் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரப் பெரியவர் அரபியில் பேசப் பேச, அனுப்பிரியா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பாஷை புரியாவிட்டாலும் அந்தப் பேச்சின் நடை கண்ணாயிரத்துக்குத் தெரியும். எங்கே நிறுத்தினால் வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று தெரிந்து நிறுத்துகிற நடை. தானும் அப்படித்தானே கொக்கையும் வேரையும் காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

பெரியவர் ஒரு பூவைக் கிள்ளிக் கொடுத்து, மோந்து பார்க்கும்படி சைகை காட்டினார். கண்ணாயிரம் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பெரியவர் தன் மூக்கருகே விரலைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துக் காட்டினார். கண்ணாயிரம் தலையாட்டிவிட்டுப் பூவை இன்னும் தள்ளிப் பிடித்தார். பெரியவரின் சிரிப்பு சுருங்கியது.

"அப்பா, மோந்து பாரேன். பிடிக்கலைன்னு நெனைச்சிக்கிறாரு."

"சாமிக்குன்னு நெனைச்சிட்டேன். எப்பிடி மோந்து பாக்கறது?"

"இங்க ஏதுப்பா சாமி?"

"ஒன் ரூம்ல நடராஜர் படம் மாட்டியிருக்கிறியே."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பெரியவரிடம் திரும்பி, கையை ஆட்டி ஆட்டி, மளமளவென்று அரபியில் என்னவோ சொன்னாள். அவர் நெஞ்சில் கைவைத்துக் கேட்டுவிட்டு இன்னொரு பூவைக் கிள்ளினார்.

"மொதப் பூவ கடவுளுக்குக் குடுக்கறது எங்க வீட்டு வழக்கம்னேன். இது ஒனக்காம். மோந்து பாத்துதான் ஆகணுமாம்."

கண்ணாயிரம் மோந்து பார்த்தார். பெரியவர் மறுபடி ஏதோ கேட்டார்.

"என்னா சொல்றாரு?"

"மறுபடி எப்ப வருவேன்னு கேக்கறாரு. எங்க ஊர்ல பங்குனி, சித்திரைதான் பூ. அடுத்த வருஷமும் அப்ப கூட்டியாரேன்னு சொல்லப் போறேன்."

தாயிஃபை எங்க ஊர் என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. இவர் கவனித்தார். நாள் முழுக்கப் படகில் இவர் சொல்கிற வார்த்தை அது. துடுப்புப் பிடித்தவன் சொல்வான். ஏறி உட்கார்ந்து வருகிறவன் சொல்ல மாட்டான்.  

திரும்பி வந்து கார்க்கதவைத் திறக்கும்போது கண்ணாயிரத்தின் போன் அடித்தது. ஊரில், கிள்ளை வீட்டிலிருந்து தைலம்மாள், வீடியோவில்.

"என்னாங்க, கேட்டாச்சா?"

அனுப்பிரியா சாவியோடு அப்படியே நின்றாள். என்ன கேட்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சரி என்று சொல்லவும் அந்த முகம் தயாராக இருந்தது. அதைத்தான் கண்ணாயிரத்தால் பார்க்க முடியவில்லை.

"கேக்கல தைலா. கேக்கப் போறதும் இல்ல. அவ இருக்கட்டும்."



"அப்ப பண்ருட்டிக்காரங்களுக்கு என்னா பதில் சொல்றது?"

"பொண்ணு அவ ஊர்ல இருக்குதுன்னு சொல்லு."

"அதென்னா அவ ஊரு? அவள பெத்தது நாமளா, இல்ல அந்த மலையா?"

"அடுத்த பங்குனிக்கு நீயும் வா. வந்து பாத்துட்டுத் திட்டு."

அனுப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு கார் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.  

"அங்க ரொம்பக் குளுருதா?" என்றாள் தைலம்மாள் கடைசியில்.

"கொஞ்சம் ஜாஸ்திதான்."

"அவ காதுல துணி கட்டாம நிக்கிறா பாருங்க. பாத்துக்கினு சும்மா நிக்கிறீங்களே, மனுசனா நீங்க?"