பத்து விநாடியா, இரண்டு விநாடியா?

என் வீட்டுக்காரர் ஜெயச்சந்திரனுக்கு எதிலும் அவசரம். குழம்பு கொதிக்கும் முன்பே தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரும் ஆசாமி. 2009-இல் பாகாலா ஸ்டேஷன் ரோட்டில் நாங்கள் நெட் சென்டர் வைத்திருந்தபோது எங்கள் சண்டையெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். கம்ப்யூட்டரைப் போட்டதும் கருப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். எது வேண்டும் என்று கேட்டுப் பத்து விநாடி காத்திருக்கும். யாரும் எதையும் தொடாவிட்டால் தானாக லினக்ஸுக்குப் போய்விடும்.

“பத்து செகண்டு தண்டம்மே. ஒரு நாளைக்கு நாலு வாட்டி கரண்ட் போற ஊரு இது. கஸ்டமரு கொட்டாவி வுட்டுக்கினு குந்திகினு கீறான்” என்பார் அவர்.

“ஒருத்தரை இன்னா வேணும்னு கேட்டா, பதில் சொல்ல நேரம் குடுக்கணும். வாயைத் தொறக்கறதுக்குள்ள கதவைச் சாத்தினா அது இன்னா கேள்வி?” என்பேன் நான்.

நான் அடம் பிடித்ததெல்லாம் வெள்ளிக்கிழமைப் பெண்களுக்காக. ஊரில் பாதி ஆண்கள் குவைத்தில் இருந்த காலம் அது. அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. முகம் பார்த்துப் பேசக் கேமரா வேண்டும்; எங்களுடைய மலிவுக் கேமரா விண்டோஸில்தான் வேலை செய்யும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ‘கீழ் அம்புக்குறியைத் தட்டு, அப்புறம் பெரிய பட்டனைத் தட்டு’ என்று நானே பழக்கி வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அலர்மேல்மங்கை ஐந்து மாதக் குழந்தையோடு வந்தாள். அவள் புருஷன் கோவர்த்தனன் குவைத்தில் டிரைவர். மகளை இன்னும் பார்த்ததே இல்லை. அவனுக்குக் கூட்டாளியின் லேப்டாப் கால் மணி நேரத்துக்கு மட்டும் இரவல். விட்டால் அடுத்தது எப்போதோ.

“ஹலோ” என்று குரல் வந்தது. படம் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் போன மாதமே செத்திருந்தது. எட்டு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. லூசான பிளக்கை அழுத்திப் பிடிக்க ஜெயச்சந்திரன் மேஜைக்கு அடியில் புகுந்தார். குழந்தை என் இடுப்பில் இருந்தது.

அடியிலிருந்து ஈனசுரத்தில் ஒரு குரல். “தாட்சாயணி, கோச்சிக்காத. நேத்து அதை ரெண்டு செகண்டா மாத்திட்டேன்.”

எனக்கு உச்சி பற்றிக்கொண்டு எரிந்தது. இதைத் தவறவிட்டு லினக்ஸுக்குப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. கால் மணி அதோடு சரி.

“அலர்மேலு, தட்டுடி!” என்று கத்தத் திரும்பினால், திரை வரும் முன்பே அவள் அம்புக்குறியை டகடகவென்று தட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வரியும் வந்தன. வெளிச்சம் கீழ் வரியில் போய் நின்றது. பெரிய பட்டனை ஒரு போடு போட்டாள்.

“பஸ்ஸு நின்னப்புறமா துண்டு போடுவாங்க, அக்கா? வரும்போதே ஜன்னல்ல போட்டாத்தான் சீட்டு” என்றாள்.

“பாத்தியா, ரெண்டு செகண்டே போதும்!” என்றது மேஜை.

“துண்டு போடத் தெரிஞ்சவளுக்குப் போதும். தெரியாதவங்க?”

“சரிமே, பத்தே வச்சிக்கோ. பிளக்கை வுட்டுட்டு வரட்டா?”

“வுட்டா தொலைச்சிப்புடுவேன்!”

படம் வந்தபோது நாலு நிமிடம் மிச்சம் இருந்தது. குழந்தையை அவள் மடியில் வைத்தேன். கோவர்த்தனன் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான்.

“இன்னாய்யா, பேசேன். நேரம் ஓடுது” என்று அலர்மேலு அதட்டினாள்.

“நீ சும்மா இருமே. பேச்செல்லாம் போன்ல பேசிக்கலாம்” என்றான் அவன். “அவளைக் கொஞ்சம் திருப்பு. காது யாரு மாதிரின்னு பாக்கணும்.”

திருப்பிக் காட்டினாள்.

“உன் காதேதான்!” என்று நாங்கள் இருவரும் ஒன்றாகக் கத்தினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மேஜைக்கு அடியிலிருந்து ஜெயச்சந்திரனும் கத்தினார், பார்க்காமலே.