கல் தெருவில் பகல் தூக்கம்

சூட்கேஸ் சக்கரத்துக்கு எதிரி யார் என்று கேட்டால் சக்கரக்காரர் யோசிக்காமல் சொல்வார்: கல். சூட்கேஸ் சக்கரம் பழுது பார்க்கிறவனுக்கு நண்பன் யார் என்று கேட்டாலும் அதே பதில்தான். இரண்டு கேள்விகளையும் ஒரே நாளில் அவரிடம் யாரும் கேட்டதில்லை. அதனால் மூன்று வருடம் நிம்மதியாக ஓடியது.

பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதிகளுக்கு ஏறும் சரிவான தெருவில், நடு வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் கடை. மேல்தளத்தில் வீடு. மூன்று வருடத்துக்கு முன் சுற்றுலா வளர்ச்சிக் குழு அந்தத் தெருவின் தாரைப் பெயர்த்தெடுத்தது. நான்கு லாரிகளில் கருங்கல் வந்து இறங்கியது. பதித்து முடித்ததும் முனையில் 'பாரம்பரியக் கல் தெரு' என்று ஒரு பலகையை நட்டு, அதன் கீழே நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தெருவுக்கு அதுவரை இருந்த ஒரே பாரம்பரியம் தார்தான்.

அன்றிலிருந்து வருகிறவர்களின் பெட்டிச் சக்கரங்கள் கல் இடுக்கில் மாட்டி, அச்சு முறிந்து, நேராக அவர் கடை வாசலில் வந்து விழுந்தன. வாசலில் விழாமல் தப்பித்த பெட்டிகள் தடதடவென்று மேலே போயின. காலை ஒன்பது மணி பஸ்ஸில் நாற்பது பெட்டி, பதினொரு மணி பஸ்ஸில் நாற்பது, இரண்டு மணிக்கு இன்னொரு நாற்பது. வாடிக்கையாளர் வரும் சத்தம் என்று அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாடியில் அவர் மனைவியும் அதையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர இரவு வேலை. தெரு முழுக்க அவளுக்கு 'சிஸ்டர்' என்றுதான் பெயர். ஒருமுறை சக்கரக்காரரே பழக்க தோஷத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆறாம் பெட் ஊசியை ஏழாம் பெட்டுக்குப் போடப் போயிட்டேன்" என்றாள்.

அவர் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது.

"போட்டுட்டியா?"

"அவங்க கையைப் பஞ்சால துடைச்சாச்சு. ஊசி தோலுக்குப் பக்கத்துல போயிடுச்சு. கூட இருந்தவ என் கையைப் பிடிச்சா." அவள் தன் வலது கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். "தூங்கி மூணு வருஷம் ஆச்சுங்க. ஒண்ணரை மணி நேரம், ஒண்ணரை மணி நேரமா துண்டு துண்டாத் தூங்குறேன். மாற்றலுக்கு எழுதிக் கேக்கலாம்னு இருக்கேன். ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில குவார்ட்டர்ஸ் தர்றாங்க."

"நான்?"

"உங்களுக்கு இங்க கடை இருக்கே."

குத்திக் காட்டி அவள் இதைச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. மாற்றல் படிவத்தைக் கொடுக்க மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிவரை நேரம் இருந்தது.

சக்கரக்காரர் முதலில் தன் தொழிலையே நம்பினார். சக்கரம் சத்தம் போட்டால் எண்ணெய் போட வேண்டும் என்பது அவர் படித்த ஒரே பாடம். கடை வாசலில் எண்ணெய்க் குப்பியோடு நின்று, போகிற வருகிற பெட்டிக்கெல்லாம் இலவசமாக நாலு சொட்டு விட்டார். சத்தம் சக்கரத்தில் இல்லை, கல்லில் இருக்கிறது என்பது மறுநாள் புரிந்தது. எண்ணெய் குடித்த பெட்டிகள் சரிவில் ஆளை முந்திக்கொண்டு ஓடின. பின்னாலேயே அவற்றின் சொந்தக்காரர்களும் கத்திக்கொண்டு ஓடினார்கள். மாடி ஜன்னல் திறந்தது. அவள் பார்த்தாள். குப்பியை மூடிவிட்டார்.

அடுத்துக் கைகொடுக்க வந்தவன் மச்சினன். சிஸ்டரின் தம்பி. தெருவின் மேல்முனையில் எட்டு அறை விடுதி வைத்திருப்பவன், சுற்றுலா வளர்ச்சிக் குழுவின் செயலாளர். சட்டைப் பையில் எப்போதும் தன் பெயர் அட்டை ஒரு கட்டு வைத்திருப்பான். சொந்த மாமாவுக்கே நாலு கொடுத்திருக்கிறான்.

"மாமா, இதுக்கு எங்ககிட்ட திட்டம் இருக்கு. பொறுப்பான சுற்றுலா. உலகமே இப்ப இதைத்தான் பேசுது."

"உலகம் பேசட்டும் மாப்ளே. உங்க அக்கா தூங்கணும்."

"அதைத்தான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதான்."

பொறுப்பான சுற்றுலாவுக்கு முதல்படியாகக் குழு ஒரு கூட்டம் போட்டது. குளிரூட்டிய அரங்கு, காலடியில் ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசித் தொண்டை வறண்டதால் பாட்டில் போதவில்லை. முடிவில் கல் தெருவை 'அமைதித் தெரு' என்று அறிவித்தார்கள். பழைய பலகைக்குப் பக்கத்தில் புதுப் பலகை, ஆறு மொழிகளில்: 'இங்கே இரவெல்லாம் உழைத்தவர்கள் உறங்குகிறார்கள்.'

இத்துடன் விட்டிருந்தால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அதை வரைபடத்தில் போடாமல் குழுவால் இருக்க முடியாது. இலவச வரைபடத்தில் அமைதித் தெரு, காண வேண்டிய இடம் எண் ஏழு ஆயிற்று.

அடுத்த வாரமே ஆட்கள் அமைதியைப் பார்க்க வந்தார்கள். கும்பலாக வந்தார்கள். ஒரு வழிகாட்டி இடுப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, சக்கரக்காரர் கடை வாசலிலேயே நின்று, "மக்களே, சத்தம் போடாதீங்க, மேல ஒரு நர்ஸ் தூங்குறாங்க" என்று அறிவித்தான். நாற்பது பேரும் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

அன்று மாலை சிஸ்டர் தம்பிக்குப் போன் போட்டாள். "நாளைக்குப் பத்தரை மணிக்கு வா. என் கட்டில்ல ஒரு மணி நேரம் படு. நீ தூங்கிட்டா நான் மாற்றல் கேக்கல."

செயலாளர் சிரித்துக்கொண்டேதான் வந்து படுத்தான். நாற்பதாவது நிமிடம் கீழே இறங்கி வந்தான். முடி கலைந்திருந்தது.

"என்ன மாமா, மண்டைக்குள்ளேயே உருட்டுறாங்க?"

"நீங்க பதிச்ச கல்லுதான் மாப்ளே."

அவன் அன்றைக்குப் பெயர் அட்டை எதுவும் கொடுக்காமல் போனான். ஆனால் என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை.

கடைசி வெள்ளிக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு பி.டி. டீச்சர் கடைக்கு வந்தாள். ஐம்பது வயது, விளையாட்டுக் காலணி, கழுத்தில் விசில். பெண்கள் பள்ளியில் கூட வேலை பார்க்கும் பதினெட்டு பேரைக் கூட்டிக்கொண்டு ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் ஏறி வந்திருந்தாள். மற்றவர்கள் ஒன்றரை நாளில் ஊரைப் 'பார்த்து முடித்து' விடுவார்கள். இவர்கள் ஆறு நாள் தங்குகிறார்களாம். அவள் பெட்டியில் ஒரு சக்கரம் இல்லை.

"கல்லு இடுக்குல மாட்டுச்சுண்ணே. அரை மணி ஆகுமா?"

"முக்கால் மணி ஆகும். உக்காருங்க."

அவள் உட்கார்ந்த நேரத்தில் பதினொரு மணி பஸ் வந்தது. நாற்பது பெட்டி கடையைத் தாண்டிப் போனது. மேசைமேல் வைத்திருந்த திருகாணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து கீழே விழுந்தன. அவர் பழக்கத்தில் கையை விளிம்பில் ஏந்திப் பிடித்தார். சத்தம் அடங்கியதும் மாடிப்படியில் சிஸ்டர் இறங்கி வந்தாள். கண் இரண்டும் வீங்கி, தலைமுடி ஒரு பக்கமாக அழுந்தியிருந்தது. யாரையும் பார்க்காமல் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனாள்.

"அவங்கதான் அந்தப் பலகையில இருக்கிறவங்களா?" என்றாள் டீச்சர், தாழ்ந்த குரலில்.

"ஆமா. என் சம்சாரம்."

"இவ்வளவு சத்தத்துல எப்படித் தூங்குறாங்க?"

"தூங்கல."

டீச்சர் தெருவைப் பார்த்தாள், தரையில் கிடந்த திருகாணிகளைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த உடைந்த சக்கரங்களைப் பார்த்தாள். நூற்றுக்கு மேல் இருக்கும்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கல்லு ஒழிஞ்சா உங்க கடை ஓடுமா?"

அவர் அச்சைத் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாகத் தனக்குத் தெரிந்திருந்த ஒன்றை ஓர் அந்நியப் பெண் முக்கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாளே என்று கோபம் வர வேண்டும். வரவில்லை. பல்வலிக்காரனுக்கு டாக்டர் சரியான பல்லைத் தொட்டால் வலியோடு ஒரு நிம்மதி வருமே, அந்த மாதிரி இருந்தது.

"ஓடாது" என்றார் கடைசியில்.

பெட்டி தயாரானது. டீச்சர் அதன் நீண்ட கைப்பிடியை உள்ளே தள்ளினாள். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

"சக்கரம் போட்டாச்சே, உருட்டலாமே" என்றார்.

"மேல படுத்திருக்காங்களே" என்று சொல்லிவிட்டு, விடுதிவரை சுமந்துகொண்டே ஏறினாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை சக்கரக்காரர் வாசலில் நின்றார். பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு, பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு சைக்கிள்களை வெளியே இழுத்தார். காற்றடைத்த ரப்பர் டயர் நான்கு. பழைய கட்டில் சட்டம் ஒன்று. அன்றும் மறுநாளும் வேறு வேலை எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை அது ஒரு தள்ளுவண்டி ஆயிற்று. இருபது பெட்டி பிடிக்கும். கல்லின்மேல் உருட்டினால் ஈரத் துணியை இழுக்கிற சத்தம்தான் வந்தது. தன் கடைக்குத் தானே பூட்டுச் செய்கிறோம் என்று தெரிந்தேதான் கடைசி நட்டை முறுக்கினார்.

ஒன்பது மணி பஸ்ஸுக்கு வண்டியோடு போய் நின்றார். பெட்டியைத் தொடப் போனதும் ஆளாளுக்குப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத மனிதர் வந்து "குடுங்க, நான் கொண்டுவர்றேன்" என்றால் யார் கொடுப்பார்கள்? ஒருவர் போலீஸைத் தேடினார்.

காலை நடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த டீச்சர் இதைப் பார்த்தாள். பஸ் படிக்கட்டின் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தத் தெருவுல நைட் டூட்டி நர்ஸ் ஒருத்தங்க தூங்குறாங்க. பெரிய பெட்டி வண்டியில. சின்ன பெட்டி கையில. தூக்க முடியாதவங்க சொல்லுங்க, என் ஆளுங்க தூக்குவாங்க."

"விசில் அடிச்சு வரிசையில விடுவீங்களா?" என்றான் ஒரு இளைஞன்.

"அடிச்சா அவங்க முழிச்சுக்குவாங்கப்பா. நீ முதல்ல நில்லு."

முப்பது வருடமாகப் பள்ளி மைதானத்தில் ஆட்களை நிறுத்திய கை அது. அவள் உள்ளங்கையை உயர்த்தினாள், பெட்டிகள் உயர்ந்தன. ஒரு பஸ் கூட்டம் முழுவதும் கையில் பையோடு, முன்னால் போன தள்ளுவண்டியைப் பின்தொடர்ந்து, அந்தத் தெருவில் முதல் முறையாகக் காலடிச் சத்தம் மட்டும் கேட்க நடந்தது. நடுவில் ஒரு பெரியவர், "ஊரு நல்லாத்தான் இருக்கு, பெட்டியைப் பார்த்துக்கிட்டே நடந்தா தெரிய மாட்டேங்குது" என்று மெதுவாகச் சொன்னார்.

புதன்கிழமைவரை டீச்சர் தினமும் மூன்று பஸ்ஸுக்கும் வந்தாள். ஊர் சுற்ற வந்தவள், பஸ் நிறுத்தத்தில் பாதி நாள் நின்றாள். அதற்குள் மச்சினன் எல்லா விடுதிகளிலும் பேசி, அறை பதிவு செய்கிறவர்களுக்குப் போகும் செய்தியில் 'பெட்டியை வண்டியில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறி வாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தான். வரைபடத்தில் ஏழாம் எண்ணின்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினான். ஆயிரத்து இருநூறு வரைபடம், தன் கையால். வழக்கம்போல இது குழுவின் முன்னோடித் திட்டம் என்று சொல்லிக்கொண்டும் திரிந்தான். சக்கரக்காரருக்கு அவன்மேல் நன்றிதான் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டின விரல் நகம் கறுத்திருந்ததை அவர் பார்த்திருந்தார். பெருமையை எடுத்துக்கொள்ளட்டும், பசையும் அவனுடையதுதானே.

வியாழக்கிழமை விடியலில் டீச்சர் கூட்டம் கிளம்பிப் போய்விட்டது. அவர் கடை திறக்கும்முன்பே போய்விட்டார்கள். பெட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிஸ்டர் வந்ததும் படிவத்தை எடுத்துக் கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு மணிக்கு எழுப்புங்க. நாலு மணிக்குள்ள கொடுக்கணும்."

"கொடுக்கத்தான் போறியா?"

"நாலு நாள் தூங்கினதை வச்சு என்னன்னு சொல்றது? ஏழாம் பெட்டுல இருக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல. எழுப்புங்க."

எழுப்பாமல் விட்டுவிடலாம் என்ற யோசனை அவருக்கு வந்ததை மறைப்பானேன். ஒரு மணி நாற்பதுக்கு வந்தது. ஆனால் அந்த ஊசி அவள் கையில் இருந்தது, அவர் கையில் இல்லை. தள்ளுவண்டியை மச்சினனிடம் விட்டுவிட்டு, சரியாக இரண்டு மணிக்கு மாடி ஏறினார்.

அவள் வாய் லேசாகத் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, கல்யாணமான புதிதில் தூங்கின மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு மணி பஸ்ஸின் ஆட்கள் நடந்து போனார்கள்.

"ஏம்மா, ரெண்டு மணி."

"ம்."

இரண்டரைக்கு மறுபடி கூப்பிட்டார். "எழுந்திரும்மா. ஆபீஸுக்குப் போகணும்."

"அஞ்சு நிமிஷம்ங்க."

மூன்று மணிக்குத் தோளைத் தொட்டார். அவள் கண்ணைத் திறந்தாள். நன்றாகவே திறந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மூணா?"

"மூணு. இப்பக் கிளம்பினா பிடிச்சிடலாம். நான் கூட வர்றேன்."

"சரி" என்றாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த நிமிடமே மூச்சு சீராக வந்தது.

சக்கரக்காரர் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கிக் கடைக்கு வந்தார். பழுது பார்க்க ஒரு பெட்டிகூட இல்லை. நெஞ்சு முட்ட நன்றி இருந்தது, சொல்ல ஆள் இல்லை. டீச்சர் எந்த ஊர் என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை.

அப்போது பஸ்ஸைத் தவறவிட்டு, ஆட்டோவில் தனியாக வந்து இறங்கிய ஒருவர், கனமான பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வியர்க்க வியர்க்கச் சரிவில் ஏறி வந்தார். சக்கரக்காரர் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார்.

"ரொம்ப நன்றிங்க."

அந்த ஆள் பயந்துபோய்ப் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எதுக்குங்க? எனக்கு எதுவும் வாங்கற எண்ணம் இல்லை."

"உருட்டாம வந்ததுக்கு. மேல என் சம்சாரம் தூங்குறாங்க."

அவர் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். திரை மூடியிருந்தது. பெட்டியைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டியவரிடம் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அதை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் மேலே ஏறிப் போனார்.