கொடியில் காய்ந்த சிவப்புத் துணி

கொடியில் அந்தச் சிவப்புத் துணி காய்வதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அது இருக்க வேண்டிய இடம் கொடி அல்ல, என் வீட்டுக்காரரின் சைக்கிள் சீட்.

தையல் ஆலையில் நான் மெஷின் மெக்கானிக். பாதி கழற்றிய மெஷினில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் முதலாளியே வந்தாலும் தொடமாட்டார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். மிக்சியோ ஃபேனோ, அதில் சிவப்புத் துணி தொங்கினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் அது அத்துப்படி.

அவருடையது பழைய ரேஸ் சைக்கிள். கியர் மாற்றும் குச்சிகள் ஹேண்டில்பாரில் இல்லை, கால்களுக்கு நடுவே ஓடும் சாய்ந்த குழாயில் இருந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு கையை எடுத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். பல்சக்கரம் தேய்ந்து, ஏற்றத்தில் செயின் வேறு நழுவும். எடைக்குப் போடுங்கள் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சரி, மனுஷர் ஆசைப்படுகிறாரே என்று நானே இறங்கினேன். புதுச் செயின், புதுப் பல்சக்கரம், பிரேக்கும் கியரும் ஒன்றாக ஹேண்டில்பாரிலேயே இருக்கிற புது லீவர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று உயிரை வாங்கினார்.

மிச்சம் இருந்தது பிரேக் கம்பி மட்டும்தான். அதைப் பிடிக்கும் போல்ட்டை இறுக்கப் போனால் ஆலன் கீ, அந்த ஆறுபட்டைச் சாவி, முனை மழுங்கி வழுக்கியது. விரலால் திருகி நிறுத்திவிட்டு, சீட்டில் துணியைக் கட்டிவிட்டு, புதியது வாங்கக் கடைக்குப் போனேன். அந்த நிலையில் பிரேக்கை லேசாகப் பிடித்தால் பிடிக்கும். அழுத்திப் பிடித்தால் கம்பி உருவிக்கொள்ளும்.

திரும்பி வந்தால் துணி கொடியில். சைக்கிளைக் காணோம்.

"மாமா, இத யாரு எடுத்தா?"

"நான்தாம்மா," என்றார் மாமனார். "ஒரே கிரீஸ். சோப்பு போட்டு அலசிட்டேன். காஞ்சதும் திரும்பக் கட்டிடலாம்னு…"

மாமாவுக்கு அழுக்கு என்றாலே ஆகாது. கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டுப் பையில் வைத்திருப்பார், அதில் மூக்கைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

"அவர் எங்க?"

"இப்பத்தான் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனான். துணி இல்லையா, முடிஞ்சிருச்சுன்னு ஒரே குஷி."

பிரேக் போல்ட் இன்னும் இறுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். போன் போட்டேன். கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையில் மணி அடித்தது.

எங்கே போயிருப்பார் என்று யோசிக்கத் தேவையில்லை. தண்ணீர்த் தொட்டி மேடு. ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை, எதுவும் தெரியாது. உச்சி தாண்டினால் மறுபக்கம் செங்குத்தான இறக்கம், அடியில் லாரிகள் பறக்கும் பெரிய ரோடு. அந்த இறக்கத்துக்காகவேதான் மனுஷர் மேடு ஏறுவார். கடைசி வளைவு வரை பிரேக்கைத் தொடமாட்டார். அங்கே அழுத்திப் பிடிப்பார்.

ஸ்கூட்டரை எடுத்தேன். ஈரத் துணியைக் கொடியிலிருந்து எப்போது உருவினேன் என்று தெரியவில்லை, அது கைப்பிடியோடு சேர்ந்து என் பிடிக்குள் இருந்தது. மாமா பின்னால் ஏறிக்கொண்டார்.

"மேட்டுக்குப் போறதா, பெரிய ரோட்டுக்குப் போறதா மாமா?"

"மேட்டுக்கே போ. கீழ போய் நாம என்னத்தம்மா பாக்கப் போறோம்?"

மேட்டுப் பக்கம் திருப்பினேன். ஸ்கூட்டர் ஏற்றத்தில் முக்கியது. பாதி வழியில், மேட்டுக்கு அந்தப் பக்கம் கீழேயிருந்து ஒரு லாரி ஹார்ன் நீளமாக அலறி, சட்டென்று நின்றது. மாமாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. வலித்தது, விடச் சொல்லவில்லை. நான் இறுக்காமல் விட்ட போல்ட், என் வீட்டுக்காரர், வேறு எதுவும் மண்டைக்குள் ஓடவில்லை.

உச்சிக்குச் சற்று முன்னால் ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த மணல். அதன் மேல் ஒரு சக்கரம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் அவர், முழங்கை தோல் உரிந்து, தலையெல்லாம் மணலாக உட்கார்ந்திருந்தார்.

"சிரிக்காத," என்றார் என்னைப் பார்த்து. "கியர் மாத்தக் கைய கீழ விட்டேன். பழக்க தோஷம். அங்க ஒண்ணுமே இல்ல! எங்க காணோம்னு குனிஞ்சு தேடினேன், நேரா மணல்ல. நீ மாட்டினது பிரமாதமா இருக்கு, என் கைக்குத்தான் இன்னும் விஷயம் தெரியல. தூக்கி விடு, இனிமே இறக்கம்தான்."

பத்தடி தள்ளி ரோடு கீழே விழுந்தது. அடியில் ஒரு லாரி தீப்பெட்டி அளவில் கடந்து போனது.

மாமா சைக்கிளைத் தூக்கி நிறுத்தி பிரேக் லீவரை அழுத்தினார். ஒரு தடையும் இல்லாமல் அது ஹேண்டில்பாரில் போய் இடித்தது. கீழே கம்பியின் நுனி உருவிக்கொண்டு வெளியே ஆடியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"ஒரு வார்த்த கேட்டா என்ன? வாய வாடகைக்கா விட்டிருக்கீங்க?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே கையிலிருந்த துணியால் அவர் முழங்கையைக் கட்டப் போனேன்.

"அத குடும்மா. அது அதுக்கில்ல," என்று மாமா வாங்கிக்கொண்டார். பையிலிருந்து அந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, மடிப்பை உதறி, மகனின் முழங்கையைச் சுற்றிக் கட்டினார். ரத்தம் ஊறிப் பரவியது. மாமா அதைக் கவனிக்கவே இல்லை. சிவப்புத் துணியைச் சீட்டில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டார்.

வந்த வழியே நடந்து இறங்கினோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, மாமா பின்னாலிருந்து சீட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

"அப்பா, நான் ஏறல. தள்ளிக்கிட்டுத்தான வர்றேன். சீட்ட விடுங்க."

"மாட்டேன்," என்றார் மாமா. வீட்டு வாசல் வரை விடவில்லை.