பெட்டிக்குள் ஒற்றன்

என்னால் சும்மா இருக்க முடியாது. நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் விரல் தாளம் போடும், படுத்தால் புரண்டுகொண்டே கிடப்பேன். என் மனைவி கெசியா இதை வியாதி என்பாள். அப்படிப்பட்டவனுக்குப் போய்ப் பிணமாகக் கிடக்கிற வேலையைக் கொடுத்தால் யார் தலையில் அடித்துக்கொள்வது?

சரியாகச் சொன்னால் பிணம் இல்லை, பிணமாக ஒளிந்து கிடக்கும் ஒற்றன். முக்கூடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு பிரெஞ்சுப் படக்குழு வந்து இறங்கியிருந்தது. ஒற்றர் கதைதான், ஆனால் சிரிப்புப் படம். பெர்ட்ரான் என்ற நடிகர் உலகத்திலேயே மட்டமான ஒற்றனாக வருகிறார். கங்கைகொண்டானில் ஆயுத ரகசியத்தைத் திருடப் போய், தப்பான கட்டடத்தில் புகுந்து, சோப்புத் தூள் செய்யும் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். ஒதில் என்ற நடிகை அவரை விடாமல் துரத்துகிறார். வேறு வழியில்லாமல் ஒரு கிறிஸ்தவக் கோவிலுக்குள் நுழைந்து அங்கே இருந்த சவப்பெட்டியில் ஏறிப் படுத்துவிடுகிறார். அதை ஊரே சேர்ந்து கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. வழியில் மூடி திறந்து ஒரு கை வெளியே வந்து, மேலே கிடக்கும் மாலையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். அந்தக் கைதான் நான்.

மூடிய இடம் என்றால் பெர்ட்ரானுக்கு மூச்சு முட்டுமாம். காலிப் பெட்டியைத் தூக்கினால் தோள் இறங்காது, பார்க்கிறவன் நம்பமாட்டான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். எனவே அவர் உயரத்துக்கு ஓர் ஆள் தேடி என்னைப் பிடித்தார்கள். முகத்துக்கும் கைக்கும் வெள்ளைப் பூச்சு, தலைக்கு மஞ்சள் விக். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது. காரணம் என் அப்பா அப்பாத்துரை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். யார் யார் காலிலோ விழுந்து எனக்கு ஒரு வாத்தியார் வேலை வாங்கிக் கொடுத்தார். நான் அதை விட்டுவிட்டு நாடகம், குறும்படம் என்று அலையப் போனேன். அன்றோடு பேச்சு நின்றது. என் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்று பிறந்து வளர்ந்த கோவிலையே விட்டு, முக்கூடலில் ஒரு ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் பாபநாசம் பஸ்ஸில் என்னைப் பார்த்தவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அவர் போக வேண்டிய இடம் இன்னும் எவ்வளவோ தூரம். பெற்ற மகனோடு ஒரே பஸ்ஸில் போகக்கூட முடியாத வெறுப்பா என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டுப் படத்தில் என் கை வந்தால், அதைக் காட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்கலாம். ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்ற நப்பாசைதான்.

காலையிலிருந்து எடுத்ததையெல்லாம் நான் கெடுத்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் முழங்கால் மூடியில் இடித்தது. ஒருதரம் குதிகாலால் தாளம் போட்டது வெளியே கேட்டுவிட்டது. பெட்டி போகிற இடமெல்லாம் டொக் டொக் என்று சத்தம். உள்ளூர் ஆட்களை மேய்க்கிற யஹ்யா, மேலப்பாளையத்துக்காரர், பெட்டிக்குள் குனிந்தார்.

"வே, இங்கன பாரும். இன்னொரு தடவ ஆடுனீருன்னா வேற ஆளப் போட்டுருவாவ. எனக்குச் சொல்ல மனசு வரல, ஆனா சொல்லுதேன். பைய மூச்சு விட்டுட்டுக் கெடயும்."

"கெடக்கேன்வே. மூடும்."

மூடி வழியில் நழுவாமலிருக்க வெளியே ஒரு கொக்கி போட்டிருந்தார்கள். நேரம் வரும்போது தூக்குகிறவர்களில் ஒருவர் அதை எடுத்துவிடுவார். மூச்சுக்குத் தலைமாட்டில் ஓட்டை. இருட்டு, மர வாசம், ரோஜா வாசம், விக்குக்குள் அரிப்பு. அப்போது கோவில் மணி அடித்தது.

எங்கள் ஊரில் சாவு மணிக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் அடி. அது காதில் விழுந்தால் வயலில் நிற்கிறவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருவார். யார் என்று வந்த பிறகுதான் கேட்பார். அதனால்தான் ஐயர், எங்கள் கோவில் போதகர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலேயே, செவ்வாய்க்கிழமை அடிப்பது படத்துக்காக, யாரும் பதற வேண்டாம் என்று அறிவித்திருந்தார். ஊரே கேட்டது. கோவிலுக்கு வராத ஒருவர் மட்டும் கேட்கவில்லை. அது எனக்கு உறைத்தபோது பெட்டி தோளுக்கு ஏறியிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ஓட்டை வழியாக அந்தக் குரல் வந்தது. மேல்மூச்சு வாங்கும் அப்பாவின் குரல்.

"யம்மா, யாரு தவறிட்டாவ?"

பாளையங்கோட்டையிலிருந்து நடிக்கக் கூட்டி வந்த பெண் போலிருக்கிறது. ஊர் வழக்கமும் தெரியாது, அவரையும் தெரியாது. இவரும் நடிக்க வந்தவர் என்று நினைத்துப் பதில் சொன்னாள். "எனக்கு இந்த ஊரு இல்ல தாத்தா. உள்ள கெடக்கது ஜாஸ்பருன்னு சொன்னாவ. வாத்தியாரு மவனாம்."

பெட்டி நின்றது. அவர் குறுக்கே வந்து நின்றிருக்க வேண்டும். சுற்றிலும் கேமராவும் வெள்ளைக்காரர்களும் இருந்தார்களே, தெரியவில்லையா என்று கேட்காதீர்கள். இப்போது எந்த அடக்கத்துக்குத்தான் கேமரா வரவில்லை? அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குப் பெட்டியைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது.

மூடிமேல் ஒரு கை விழுந்தது. என் முகத்துக்கு நேர் மேலே.

"எறக்குங்கலே. கீழ எறக்குங்க."

அவரையும் படத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ, இறக்கினார்கள். நான் மூடியைத் தட்டினேன். "எப்பா, நான்தாம்பா" என்று கத்தினேன். மூடிய பெட்டிக்குள்ளிருந்து அது முனகலாகத்தான் வெளியே போயிருக்கும். தூக்கியவர்களில் ஒருவன் பெட்டியை உதைத்து, "சும்மா கெட வே, கேமரா ஓடுது" என்று கிசுகிசுத்தான். காலையிலிருந்து தட்டிக்கொண்டே கிடந்தவன் இப்போது உயிர் போகிற அவசரத்தில் தட்டினால் யார் மதிப்பார்கள்?

அப்பாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏலே ஜாஸ்பரு. அன்னிக்கு பஸ்ல உன்னப் பாத்துட்டு எறங்கிட்டேன்லா. பக்கத்துல வந்து உக்காந்தா அழுதுருவேன்னுதாம்லே எறங்குனேன். எறங்கி, பஸ்ஸு மறையுத வரைக்கும் ரோட்டுலயே நின்னேன். நீ திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா ஓடி வந்திருப்பேன். எனக்கு எறங்கி வரத் தெரியல லே. வயசாயிட்டு, தெரியல."

என் கால் ஆடவில்லை, விரல் ஆடவில்லை. கையைத் தூக்கி மூடியின் உட்பக்கம் அவர் கை இருந்த இடத்தில் வைத்தேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கவும் தோன்றவில்லை.

பிறகு அவர் ஜெபிக்க ஆரம்பித்தார். தேற்றும் ஜெபம் இல்லை, சண்டை. "ஆண்டவரே, இவன நான் விடமாட்டேன். எழுப்பித் தாரும். எழுப்பித் தாரும்" என்று பெட்டியை உலுக்கினார். "ஏலே ஜாஸ்பரு, எந்திரிலே."

நான் இரண்டு முழங்கையாலும் மூடியை ஓங்கி இடித்தேன்.

 வெளியே அப்பாவின் அலறல். கொக்கியைப் பிடித்து இழுத்தார், நகம் கிழிந்திருக்கும். மூடி திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. மேலே அப்பாவின் முகம், கீழே வெள்ளைப் பூச்சும் மஞ்சள் முடியுமாக நான்.

"நீ யாருலே?" என்றார்.

விக்கைக் கழற்றினேன். "நான்தாம்பா."

சுற்றிலும் கைதட்டல் எழுந்தது. பெர்ட்ரான் எழுந்து நின்று தட்டினார். ஒதில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்பா மெதுவாகத் திரும்பி விளக்கு, கேமரா, வெள்ளைக்காரர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. ஊர் முன்னால் இப்படி அவமானப்பட்டவர் இனி செத்தாலும் என் முகத்தில் விழிக்கமாட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இயக்குநர் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பொரிந்து தள்ளினார். யஹ்யா தயங்கித் தயங்கிச் சொன்னார். "பெரியவரே, மன்னிக்கணும். இவருக்கு விவரம் தெரியாது. நீங்க நடிக்க வந்தவியன்னு நெனைக்காரு. ரொம்ப நல்லா இருந்திச்சாம். இதே மாதிரி இன்னொரு தடவ செய்ய முடியுமான்னு கேக்காரு."

"இன்னொரு தடவன்னா, இவன் மறுபடி உள்ள படுக்கணுமோ?"

"ஆமா."

"முடியாதுன்னு சொல்லும்."

யஹ்யா என்னைப் பார்த்தார். நான் போனால் கை போனது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் பெட்டியை விட்டு வெளியே வந்தேன். கால் மரத்திருந்ததால் தடுமாறினேன். அப்பா பிடித்துக்கொண்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டி நுனியால் என் கன்னத்து வெள்ளையைத் துடைத்தார். அது போகவில்லை. மறுபடி அழுத்தித் துடைத்தார்.

"நான் பேசுனது உள்ள கேட்டுச்சாலே?"

"கேட்டுதுப்பா."

"எல்லாமுமா?"

"எல்லாம் கேட்டுது."

"அப்ப சரி" என்றார் அப்பா. "இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது. வா, வீட்டுக்குப் போவோம்."